ஒளியை வரைந்தவர்கள்

நான் உயர்நிலைப் பள்ளியில் பயின்ற காலத்தில், பழைய இதழ் ஒன்றில் ஒரு படத்தைக் கண்டேன். 'கதிரவன் தோற்றம்' என்று அதன் கீழே அச்சிட்டிருந்தனர். வரைந்தவர் குளோத் மோனே என்னும் பிரெஞ்சு நாட்டு ஓவியர் என்றும், உலகப் புகழ் பெற்ற ஓவியம் அது என்றும் குறித்திருந்தனர். படம் கறுப்பு வெள்ளையில் இருந்தது. முன்புறத்தில் இரண்டு சிறு படகுகள் தெரிந்தன. அவற்றிற்கு அப்பால், பாய்மரங்களோ புகைபோக்கிகளோ என்று உறுதியாகக் கூற இயலாத சில கோடுகள் தெரிந்தன. எஞ்சிய இடமெல்லாம் சாம்பலைக் கரைத்துப் பூசினாற் போன்று இருந்தது. கதிரவனை மட்டும் காணவில்லை!

இதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எங்கள் ஓவிய ஆசிரியரிடம் காட்டினேன். அவரும் சிறிது நேரம் உற்று நோக்கிவிட்டு, "அச்சுப் பிழையாக இருக்கும், தம்பி" என்றார். கதிரவன் இல்லாத கதிரவன் தோற்றத்தை உலகம் புகழ்கின்றதே என்று நண்பர்களோடு சேர்ந்து நகைத்தேன். அந்த நகைப்பு எத்துணை அறியாமை உடையது என்பதைப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரே உணர்ந்தேன். எனக்கு ஓர் ஆறுதலும் உண்டு. அதே படத்தின் முன் நின்று என்னைப் போலவே நகைத்தவர்கள் பாரிஸ் மாநகரிலும் இருந்தார்கள். அவர்களுடைய நகைப்பிலிருந்துதான் ஓர் ஓவிய இயக்கத்தின் பெயரே பிறந்தது. அவ்வரலாற்றை முதலில் கூறுகிறேன்; கதிரவன் எங்கே மறைந்திருந்தான் என்பதை இறுதியில் கூறுகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், பிரான்சு நாட்டில் ஓவியர் ஒருவர் பெயரும் பொருளும் பெற வேண்டுமாயின் அவருக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான் இருந்தது. 'சலோன்' என்னும் அரசாங்கக் கண்காட்சியில் அவர் வரைந்த படம் இடம்பெற வேண்டும். படங்களைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரு குழு இருந்தது. அக்குழுவினர் விரும்பிய ஓவியம் எப்படி இருக்கவேண்டும் என்பதற்கு எழுதப்படாத இலக்கணமும் இருந்தது. புராணக் கதையோ வரலாற்று நிகழ்ச்சியோ பொருளாக அமைதல் வேண்டும். தூரிகை பட்ட சுவடே தெரியாதபடி படம் வழவழப்பாக முடிந்திருத்தல் வேண்டும். நிழலுக்குப் பழுப்பும் கறுப்பும் தீட்டுதல் வேண்டும். வயலையும் ஆற்றையும் வரைபவர்கள்கூட வெளியே சென்று சிறு குறிப்புப் படங்களைத் தீட்டிக்கொண்டு வந்து, முழு ஓவியத்தையும் அறைக்குள்ளே அமர்ந்துதான் பெரும்பாலும் முடித்தார்கள்.

1863ஆம் ஆண்டில் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட படைப்புகள் சலோனுக்கு வந்தன. குழுவினர் அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவற்றைத் தள்ளிவிட்டனர். ஓவியர்களின் முறையீடு பேரரசர் மூன்றாம் நெப்போலியன் செவிக்கு எட்டியது. தள்ளப்பட்ட படங்களையும் தனியே காட்சிக்கு வைக்குமாறு அவர் ஆணையிட்டார். 'தள்ளப்பட்டவர்களின் கண்காட்சி' என்று அதற்குப் பெயர் வந்தது. மக்கள் திரண்டு வந்தனர். ஆனால் கலையை நுகர்வதற்கு வந்தவர்களைவிடக் கைகொட்டிச் சிரிப்பதற்கு வந்தவர்களே மிகுதி. எதுவார் மானே என்பவர் வரைந்த ஓர் ஓவியம் அனைவருடைய ஏளனத்திற்கும் ஆளாயிற்று. மானே வேறு, மோனே வேறு. இருவர் பெயரும் ஒலியால் நெருங்கியிருப்பது அக்காலத்துப் பாரிஸ் மக்களையே குழப்பியதுண்டு. ஆயினும் அந்தக் கண்காட்சி ஓர் உண்மையை இளைஞர் சிலருக்கு உணர்த்தியது. குழுவின் தீர்ப்பே முடிந்த முடிபு அன்று. அதற்கு வெளியேயும் ஓவியம் வாழ முடியும் என்பதே அவ்வுண்மை.

அவ்விளைஞர்களுள் நால்வர், கிளேர் என்னும் ஓவியரின் பயிற்சிக்கூடத்தில் 1862ஆம் ஆண்டில் ஒன்றுகூடியவர்கள். மோனே அவர்களுள் ஒருவர். லெ ஆவர் என்னும் துறைமுக நகரில் வளர்ந்த அவர், சிறுவனாக இருந்தபோது ஊராரைக் கேலிச் சித்திரங்களாக வரைந்து காசு பெற்றவர். பூதேன் என்னும் ஓவியர்தாம் அவரைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, திறந்த வெளியில் வரையக் கற்பித்தார். இரண்டாமவர் ரெனுவார். தையற்காரரின் மகனாகிய அவர் இளமையிலேயே பீங்கான் பாத்திரங்களில் பூ வரையும் வேலைக்குச் சென்றவர். மூன்றாமவர் சிஸ்லே, ஆங்கிலப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்தவர். நான்காமவர் பசீல். செல்வக் குடும்பத்தில் பிறந்து, மருத்துவம் பயில வந்து, ஓவியத்தில் உள்ளம் தோய்ந்தவர். 1863ஆம் ஆண்டில் அவர்கள் போந்தேன்புளோ என்னும் காட்டுப் பகுதிக்குச் சென்று மரத்தையும் வெயிலையும் நேரில் கண்டு வரைந்து பழகினார்கள்.

வெளியில் சென்று வரைவது இன்று நமக்கு எளிதாகத் தோன்றலாம். அன்று அது எளிதன்று. எண்ணெயில் குழைத்த வண்ணம் காற்றுப்பட்டால் உலர்ந்துவிடும். அதனைப் பன்றியின் சிறுநீர்ப்பையில் அடைத்து வைத்திருந்தார்கள். ஊசியால் துளையிட்டுப் பிதுக்கி எடுத்தார்கள். ஒருமுறை துளையிட்டால் அதனை மீண்டும் சரியாக மூட முடியாது. 1841ஆம் ஆண்டில் ஜான் ராண்டு என்னும் அமெரிக்க ஓவியர், மெல்லிய வெள்ளீயத்தாலான குழாயில் வண்ணத்தை அடைக்கும் முறையைக் கண்டு உரிமை பெற்றார். நாம் இன்று பற்பசைக்குப் பயன்படுத்தும் குழாய் போன்றது அது. வேண்டிய அளவு பிதுக்கிக்கொண்டு மூடிவிடலாம். பையில் இட்டு எங்கும் எடுத்துச் செல்லலாம். அந்நூற்றாண்டின் வேதியியலார் கண்ட கோபால்ட்டு நீலம் முதலிய புதிய வண்ணங்களும் அக்குழாய்களில் கிடைத்தன. பாரிஸிலிருந்து சேன் ஆற்றங்கரை ஊர்களுக்குப் புகைவண்டியும் ஓடத் தொடங்கியிருந்தது. காலையில் வண்டியேறி, பகலெல்லாம் ஆற்றங்கரையில் வரைந்து, மாலையில் வீடு திரும்ப முடிந்தது. பெரிய கலை மாற்றத்திற்குச் சிறிய குழாய் ஒன்றும் துணை நின்றது என்று எண்ணும்போது எனக்கு வியப்பு உண்டாகிறது.

வெளியே சென்றவர்கள் அங்கே கண்டது என்ன? ஒளி ஓரிடத்தில் நில்லாது என்பதைக் கண்டார்கள். முகில் ஒன்று குறுக்கிட்டால் ஆற்றின் நிறம் மாறிவிடுகிறது. ஒரு மணி நேரம் கழிந்தால் மரத்தின் நிறமும் மாறிவிடுகிறது. இலைக்கு ஒரு நிறம் உண்டு, நீருக்கு ஒரு நிறம் உண்டு என்று அறையில் கற்ற பாடம் வெளியில் பயன்படவில்லை. நிழல் கறுப்பு அன்று என்பதையும் கண்டார்கள். நிழல் விழுந்த இடத்தில் கதிரவனின் நேரொளி தடைப்படுகிறது. ஆனால் நீல வானத்தின் ஒளி அங்கே விழுந்துகொண்டேதான் இருக்கிறது. ஆகவே வெயிலில் கிடக்கும் பனியின் மேலும் வெள்ளைத் துணியின் மேலும் விழும் நிழல் நீலம் பாய்ந்ததாகத் தோன்றுகிறது. கண்டதைக் கண்டவாறு வரைந்தனர்; கண்டிராத கறுப்பைத் தீட்ட மறுத்தனர்.

மாறும் ஒளியைப் பிடிக்க வேண்டுமாயின் கை விரைந்து செல்ல வேண்டும். வழவழப்பாகத் தேய்ப்பதற்கு நேரம் இல்லை. ஆகவே சிறுசிறு கீற்றுகளாக வண்ணங்களை அடுத்தடுத்து வைத்தனர். செம்மஞ்சளின் அருகே நீலத்தை வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டி ஒளிர்கின்றன. துணிகளுக்குச் சாயமிடும் தொழிற்கூடத்தில் பணிபுரிந்த செவ்ரேல் என்னும் வேதியியலார் இவ்வுண்மையை ஆராய்ந்து 1839ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டிருந்தார். 1869ஆம் ஆண்டின் கோடையில் மோனேயும் ரெனுவாரும் சேன் ஆற்றங்கரையில் ஒரு நீராடும் துறையில் அருகருகே நின்று ஒரே காட்சியை வரைந்தனர். அலையாடும் நீரை அகன்ற கீற்றுகளால் அவர்கள் தீட்டிய முறையிலே புதிய ஓவியம் உருப்பெற்றுவிட்டது என்று கலை வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். அக்காட்சி மகிழ்ச்சி நிறைந்தது. வரைந்தவர்களின் வாழ்வு அவ்வாறு இல்லை. அக்கோடையில் மோனேயின் வீட்டில் அடுப்பெரிய வழியில்லை. ரெனுவார் தம் வீட்டிலிருந்து ரொட்டி எடுத்து வந்து கொடுத்தார். வண்ணம் வாங்கப் பொருளின்றி இருவரும் பல நாள் வேலையின்றி இருந்தனர்.

இந்நிலையில் நண்பர்களைத் தாங்கிய தூண் பசீல். அவர் தம் அறையை மோனேயோடும் ரெனுவாரோடும் பகிர்ந்துகொண்டார். 1866ஆம் ஆண்டில் மோனே, 'தோட்டத்தில் பெண்கள்' என்னும் படத்தை வரையத் தொடங்கினார். அதன் உயரம் இரண்டரை மீட்டருக்கு மேல். அத்துணைப் பெரிய படத்தையும் முழுவதும் திறந்த வெளியிலேயே வரையவேண்டும் என்பது அவர் உறுதி. மேற்பகுதியை எட்டி வரைவது எப்படி? தோட்டத்தில் பள்ளம் தோண்டினார். கப்பியும் கயிறும் அமைத்துப் படத்தைப் பள்ளத்துள் இறக்கி வரைந்தார். 1867ஆம் ஆண்டுச் சலோன் குழு அப்படத்தைத் தள்ளிவிட்டது. பசீல் அதனை 2,500 பிராங்குக்கு வாங்கிக்கொண்டார். அவரிடமும் ஒருசேரக் கொடுக்கப் பொருள் இல்லை. மாதம் 50 பிராங்கு வீதம் தவணையாகக் கொடுத்தார். நண்பனின் மானம் கெடாமல் உதவும் வழி அது.

அதே ஆண்டில் பசீல் தம் பெற்றோருக்கு ஒரு கருத்தை எழுதினார். இனிக் குழுவின் கதவைத் தட்ட வேண்டா. நாங்களே இடம் பிடித்து, நாங்களே எங்கள் படங்களைக் காட்சிக்கு வைப்போம் என்பது அக்கருத்து. நண்பர்கள் பணம் திரட்ட முயன்றனர். போதிய தொகை சேரவில்லை. திட்டம் நின்றது. 1870ஆம் ஆண்டில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பசீல் படையிற் சேர்ந்தார். நவம்பர் 28ஆம் நாள் நடந்த சண்டையில் குண்டடிபட்டு மாண்டார். இருபத்தொன்பது வயது நிறைவதற்கு அவருக்குச் சில நாள்களே எஞ்சியிருந்தன.

மோனேயும், அவரினும் மூத்தவரான பிசாரோ என்னும் ஓவியரும் போர்க்காலத்தில் இலண்டன் மாநகருக்குச் சென்று தங்கினர். அங்கே டர்னர் முதலிய ஆங்கில ஓவியர்களின் படங்களைக் கண்டனர். துராந்-ருவெல் என்னும் பாரிஸ் ஓவிய வணிகரின் நட்பையும் பெற்றனர். போர் முடிந்து பிசாரோ ஊர் திரும்பியபோது, அவர் வீட்டில் தங்கியிருந்த பிரஷ்யப் படையினர் அவருடைய படங்களுள் பெரும்பாலானவற்றை அழித்திருந்தனர். அவர் மனம் தளரவில்லை. மறுபடியும் தூரிகையை எடுத்தார்.

பசீல் கண்ட கனவு அவர் மறைந்த பின்னரே நனவாயிற்று. 1873ஆம் ஆண்டின் இறுதியில் ஓவியர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். 1874ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள், நாதார் என்னும் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரின் பழைய பணிக்கூடத்தில் கண்காட்சி தொடங்கியது. மோனே, ரெனுவார், சிஸ்லே, பிசாரோ, தெகா, செசான் முதலிய ஏறத்தாழ முப்பது பேர் கலந்துகொண்டனர். பெர்த் மொரிசோ என்னும் பெண்மணியும் அவர்களுள் ஒருவர். சலோனில் பலமுறை இடம்பெற்றிருந்தும் அதனைத் துறந்து நண்பர்களோடு நின்றவர் அவர். தொட்டிலில் உறங்கும் குழந்தையைத் தாய் நோக்கியிருக்கும் அவருடைய ஓவியம் அங்கே இடம்பெற்றது. நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்கு. ஒரு மாதக் காலத்தில் ஏறத்தாழ 3,500 பேர் வந்தனர். சலோனுக்குச் சென்றவர்களின் தொகையோ லட்சக்கணக்கு.

மோனே வைத்த படங்களுள் ஒன்று, 1872ஆம் ஆண்டைக் குறித்து அவர் கையொப்பமிட்ட துறைமுகக் காட்சி. லெ ஆவர் நகரில் விடுதியின் பலகணி வழியே கண்ட விடியற்காலை அது. கண்காட்சிப் பட்டியலைத் தொகுத்தவர் ரெனுவாரின் தம்பி. படத்திற்கு என்ன பெயர் இடலாம் என்று அவர் வினவினார். துறைமுகத்தின் பெயரையே இடுவதற்கு, மூடுபனியில் துறைமுகம் தெளிவாகத் தெரியவில்லையே! 'இம்பிரெஷன்' என்று போடுக என்றார் மோனே. மனத்தில் பதிந்த தோற்றம் என்பது அச்சொல்லின் பொருள். அதனோடு 'கதிரவன் தோற்றம்' என்பதும் சேர்ந்தது.

ஏப்பிரல் 25ஆம் நாள் வெளியான நகைச்சுவை இதழ் ஒன்றில் லூயி லெருவா என்பவர் இக்கண்காட்சியைப் பற்றி எழுதினார். பழைய முறையில் தேர்ந்த ஓவியர் ஒருவர் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பித்துப் பிடித்தவர்போல் ஆவதாக அவர் கற்பனை செய்திருந்தார். சுவரில் ஒட்டுவதற்கென அச்சிடும் காகிதம்கூட மோனேயின் கடற்காட்சியைவிட முடிவு பெற்றதாக இருக்கும் என்னும் கருத்துப்பட எள்ளினார். படத்தின் பெயரைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் அனைவருக்கும் 'இம்பிரெஷனிஸ்டுகள்' என்று பட்டம் சூட்டினார். பட்டம் அன்று அது, வசைச்சொல்.

கண்காட்சியால் வருவாய் இல்லை; கடனே மிஞ்சியது. ஆண்டின் இறுதியில் சங்கத்தைக் கலைத்தபோது ஒவ்வோர் உறுப்பினரும் 184½ பிராங்கு கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டில் சிலர் தம் படங்களை ஏலத்திற்கு விட்டனர். கூடியிருந்தோர் கூச்சலிட்டு எள்ளவே, காவலரை அழைக்கும் நிலை நேர்ந்தது. இத்தனைக்குப் பின்னும் அவர்கள் கலைந்து போகவில்லை. 1877ஆம் ஆண்டில் மூன்றாவது கண்காட்சியை நடத்தியபோது, 'இம்பிரெஷனிஸ்டுகளின் கண்காட்சி' என்று தாமே பெயரிட்டனர். எறிந்த கல்லை எடுத்து வீட்டுக்கு அடித்தளமாக வைத்துக்கொண்டவர்களை வேறு என்னென்பது! 1886ஆம் ஆண்டு வரை எட்டுக் கண்காட்சிகள் நடைபெற்றன. எட்டிலும் பங்குகொண்டவர் பிசாரோ ஒருவரே.

காலம் மெல்ல மாறியது. துராந்-ருவெல் 1886ஆம் ஆண்டில் அவர்களுடைய படங்களை நியூயார்க்கு நகருக்குக் கொண்டு சென்றார். அங்கே வாங்குவோர் பெருகினர். 1867ஆம் ஆண்டில் தள்ளப்பட்ட 'தோட்டத்தில் பெண்கள்' என்னும் அதே படத்தை, 1921ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கமே 2,00,000 பிராங்கு கொடுத்து வாங்கியது. மோனே அதனைக் காண உயிரோடு இருந்தார். எல்லோருக்கும் அந்தப் பேறு கிட்டவில்லை. சிஸ்லே வறுமையிலேயே வாழ்ந்து 1899ஆம் ஆண்டில் மறைந்தார். அடுத்த ஆண்டிலேயே, வெள்ளம் சூழ்ந்த ஊரைக் காட்டும் அவருடைய ஓவியம் ஒன்று 43,000 பிராங்குக்கு ஏலம் போயிற்று. பசீலோ தம் நண்பர்களுக்கு வாய்த்த பெயரைக்கூடக் கேட்டறியவில்லை.

இனி, என் படத்திற்கு வருவோம். பல ஆண்டுகள் கழிந்து, நண்பர் ஒருவர் வீட்டில் அதே படத்தை வண்ண அச்சில் கண்டேன். திகைத்து நின்றுவிட்டேன். நீலமும் சாம்பலும் கலந்த மூடுபனியின் நடுவே, செம்மஞ்சள் உருண்டையாகக் கதிரவன் நின்றான். அவன் ஒளி நீரில் கீற்றுக் கீற்றாக விழுந்து ஆடிக்கொண்டிருந்தது. அப்படியாயின் கறுப்பு வெள்ளைப் படத்தில் அவன் எங்கே சென்றான்? அது அச்சுப் பிழை அன்று. மோனே அந்தக் கதிரவனைச் சுற்றியுள்ள வானத்தைவிட ஒளி மிகுந்ததாகத் தீட்டவில்லை. இரண்டிற்கும் ஏறத்தாழ ஒரே அளவு ஒளியைத் தந்திருக்கிறார். நிறத்தால் மட்டுமே வேறுபடுத்தியிருக்கிறார். கறுப்பு வெள்ளைப் படம் ஒளியின் அளவை மட்டும் காட்டும், நிறத்தைக் காட்டாது. ஆகவே நிறம் நீங்கியதும் கதிரவன் வானத்தோடு கலந்து மறைந்துவிட்டான். கதிரவன் என்றால் கண் கூசும் வெண்மை என்று மோனே எண்ணியிருந்தால் அவ்வாறே தீட்டியிருப்பார். அன்று விடியற்காலையில் மூடுபனியினூடே அவன் அவர் கண்ணுக்கு எவ்வாறு தோன்றினானோ, அவ்வாறே தீட்டினார்.

ஏளனத்திற்கு ஆளானவை எல்லாம் உயர்ந்தவை என்று நான் கூற வரவில்லை. 1863ஆம் ஆண்டில் தள்ளப்பட்ட படங்களுள் பல இன்று மறக்கப்பட்டுவிட்டன. இவர்களை வாழவைத்தது ஏளனம் அன்று. ஏளனத்தின் நடுவிலும் நாள்தோறும் வெளியே சென்று உற்று நோக்கிய உழைப்பும், ஒருவரையொருவர் கைவிடாத நட்புமே ஆகும்.

அந்த வண்ணப் படத்தைக் கண்ட மறுநாட் காலையில், என் வீட்டு வெள்ளைச் சுவரின் மேல் வேப்பமரத்தின் நிழல் விழுந்திருந்ததைப் பார்த்தேன். அது கறுப்பாக இல்லை. மெல்லிய நீலமாக இருந்தது. எத்தனையோ ஆண்டுகளாக அச்சுவரில் அந்நிழல் விழுந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. நிழல் கறுப்பு என்று கேட்டறிந்திருந்த நான் அதனைக் கண்ணால் பார்த்ததே இல்லை. மாணவர்களே, நாளைக் காலையில் உங்கள் பள்ளிச் சுவரில் விழும் நிழலைச் சற்று நின்று நோக்குங்கள். அதன் நிறம் என்ன என்பதைப் பிறரிடம் கேளாமல் நீங்களே கண்டு கூறுங்கள்.